பலகாரச் சூட்டுக்கு வந்த எரிவாயு அடுப்பு

தீவகத்தில் கலியாண வீட்டுப் பலகாரச் சூடு வெறும் சமையல் அன்று. நல்ல நாள் பார்த்து, மூத்த சுமங்கலி ஒருவரைக் கொண்டு முதற் தாச்சியை அடுப்பேற்றி, உறவினரும் அயலவரும் கோடிப்புறத்தில் கூடி அரியதரமும் பயற்றம் பணியாரமும் சிப்பியும் முறுக்கும் சுட்டெடுப்பது ஒரு சடங்காகவே நிகழ்ந்து வந்திருக்கின்றது. ஊர்காவற்றுறையின் கத்தோலிக்கக் குடும்பங்களிலே நத்தாருக்கு முந்திய நாட்களும் இவ்வாறே எண்ணெய்த் தாச்சியைச் சுற்றிக் கழிகின்றன. மூன்று கல் வைத்து, பனைமட்டையும் கொக்காரையும் ஊமலும் இட்டு எரித்த அந்த அடுப்பின் இடத்துக்கு அண்மைக் காலத்தில் புதியதொரு அடுப்பு வந்து சேர்ந்துள்ளது. இரும்புக் கால்களின் மேல் வட்டமான பர்னர், அதிலிருந்து நீளும் இறப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் எரிவாயுச் சிலிண்டர் என்பதே அதன் அமைப்பு. சமையற்காரர்கள் கொண்டுவரும் பொருளாக இருந்த இவ்வடுப்பை இப்போது குடும்பங்களே வாங்கவும் இரவல் பெறவும் தொடங்கியிருப்பதை நாம் காண்கிறோம்.

வட அமெரிக்காவில் இதற்கொரு நெருங்கிய உறவு உண்டு. லூசியானா மாநிலத்தவர் முழு வான்கோழியைக் கொதியெண்ணெயில் இறக்கிப் பொரிக்கும் வழக்கமுடையோர். அவ்வழக்கம் பின்னர் அந்நாடெங்கும் பரவி, புரொப்பேன் சிலிண்டரில் எரியும் உயரமான பானையுடன் கூடிய அடுப்பு கடைகளிலே தனிப்பொருளாக விற்பனைக்கு வந்தது. ரொரன்ரோவில் வாழும் எம்மவரில் வான்கோழி பொரிப்போர் எத்தனை பேரோ நாமறியோம். ஆனால் நண்டும் மீனும் வீட்டுக்குள் சமைத்தால் மணம் சுவரிலும் உடுப்பிலும் ஏறிவிடுகின்றதென்று வீட்டின் பின்புறத்தில் புரொப்பேன் அடுப்பை மூட்டுவது அங்கு பலருக்கும் பழகிப்போன செயல். கோடை விடுமுறையில் ஊர் திரும்பும்போது அவர்களோடு அந்தப் பழக்கமும் வந்துவிடுகின்றது.

இந்த வரவை நாம் குறை கூறப்போவதில்லை. விறகடுப்பின் புகையிலே கண் கலங்கி மூச்சிரைத்தவர்கள் பெண்களே. முன்னர் பத்துப் பதினைந்து பேர் கூடிச் செய்த வேலைக்கு இன்று புங்குடுதீவிலோ வேலணையிலோ ஆட்களைத் திரட்டுவது எளிதன்று. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் தீவகத்தின் வீடுகளை வெறுமையாக்கிவிட்டன. முதியவர் இருவர் மட்டும் வாழும் வீட்டில் மட்டை வெட்டவும் விறகு பிளக்கவும் யார் இருக்கின்றனர்? ஆகவே எரிவாயு அடுப்பு வந்ததில் நியாயம் உண்டு. எம்முடைய கவலை வேறு. விறகடுப்பை ஆள்வதற்கென்று தலைமுறை தலைமுறையாக ஓர் அறிவு இருந்தது. புதிய அடுப்பு அந்த அறிவு இல்லாமலே முற்றத்துக்கு வந்து விட்டது. அதைப் பழைய அடுப்பின் பழக்கத்திலேயே கையாள முனைவதில்தான் ஆபத்து இருக்கின்றது.

முதலில் அதன் வலுவை அறிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் உள்ள சாதாரண எரிவாயு அடுப்பின் ஒரு பர்னர் ஏறத்தாழ 3 கிலோவாற் வெப்பத்தைத் தரும். முற்றத்து அடுப்போ 12 முதல் 17 கிலோவாற் வரை தரவல்லது. அதாவது நான்கைந்து பர்னர்களின் சூடு ஒரே தாச்சியின் அடியில் குவிகின்றது. 15 லீற்றர் எண்ணெய் பொரிக்கும் பதமான 180 பாகை செல்சியஸை எட்டுவதற்கு, வெப்பத்தில் பாதிக்கு மேல் காற்றோடு போனாலுங்கூட, ஏறத்தாழ 12 அல்லது 13 நிமிடங்கள் போதும். அங்கிருந்து எண்ணெய் கடுமையாகப் புகைக்கும் நிலைக்குப் போக இன்னும் நான்கு நிமிடங்களே தேவை. செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 175 பாகையளவிலேயே புகையத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். 300 பாகையை நெருங்கும்போது எண்ணெயின் ஆவி தீப்பற்றும் தன்மையை அடைகின்றது. விறகடுப்பில் இந்த ஏற்றம் மெதுவாக நிகழ்ந்தது. மட்டையை வெளியே இழுப்பதும், கங்கைத் தள்ளி வைப்பதும், ஊமலைக் கூட்டிக் குறைப்பதும் எனச் சூட்டை ஆளும் கை அடுப்பின் முன்னாலேயே இருந்தது. எரிவாயு அடுப்பில் அந்தக் கைக்குரிய வேலை ஒரு சிறு திருகியில் அடங்கிவிடுவதால், அடுப்பை மூட்டிவிட்டு வந்தவரோடு கதைக்கப் போவது இலகுவாகிவிடுகின்றது. நான்கு நிமிடக் கதை என்பது நம்மவர்க்குக் கதையே அல்லவே!

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், கொதியெண்ணெயில் வான்கோழி பொரிக்கும் அடுப்புகளைப் பயன்படுத்தவே வேண்டாமென்று வெளிப்படையாகக் கூறுகின்றது. பொருட்களின் பாதுகாப்பைச் சோதித்து முத்திரை வழங்கும் யூ.எல். நிறுவனமும் 2000களில் இவ்வகை அடுப்புகளுக்குத் தன் சான்றை வழங்க மறுத்திருந்தது. இலகுவில் சரியும் கால்கள், அளவுக்கு மேல் நிரப்பப்படும் எண்ணெய், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் பொறிமுறை இல்லாமை என்பனவே சுட்டிக்காட்டப்பட்ட குறைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறைந்த நிலையிலுள்ள வான்கோழியை எண்ணெயில் இறக்குவதே அங்கு பெருந் தீவிபத்துகளுக்குக் காரணமாகின்றது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைகின்றது. கொதியெண்ணெயினுள் அகப்பட்ட பனிக்கட்டி அவ்வாறு கணத்தில் விரியும்போது எண்ணெயைப் பானையின் விளிம்புக்கு மேலாகத் தள்ளுகின்றது. வழிந்த எண்ணெய் கீழே எரியும் சுவாலையைத் தொட்டால் பானை முழுதும் தீப்பந்தமாகிவிடும்.

எங்கள் தீவுகளில் வான்கோழி அரிது என்று ஆறுதலடைய இடமில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனும் இறாலும் எங்கும் உண்டு. கணவாயைப் பொரித்த எவருக்கும் அது தாச்சியில் வெடித்துத் தெறிக்கும் விதம் தெரியும். பலகாரங்களிலும் இதே நியதிதான். மாவினுள் அடைபட்ட காற்றும் ஈரமும் வெளியேற வழியின்றிப்போனால் முறுக்கும் சீடையும் வெடிக்கும். ஆவணி மாதத்துப் பனங்காய்ப் பணியாரத்தின் களியில் நீர் அதிகம். அதைச் சுடும்போது எண்ணெய் நுரைத்தெழுவதை எமது பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். தாச்சியில் அரைவாசிக்கு மேல் எண்ணெய் விடாதே என்பது அவர்களது சட்டம். ஒரு முறைக்கு ஒரு கையளவு மட்டுமே போடுவது இன்னொரு சட்டம். வேகமான அடுப்பு கிடைத்தவுடன், வேலையை விரைவாக முடிக்கலாமென்ற எண்ணத்தில் நாம் முதலில் கைவிடுவது இந்த இரு சட்டங்களையுமே.

அடுத்தது காற்று. பனம்பழக் காலமும், புலம்பெயர்ந்தோர் ஊர் வரும் காலமும், ஆனி மாத நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலமும் சோளகக் காற்றுக்குரிய காலத்திலேயே அமைகின்றன. நெடுந்தீவின் வெளிகளில் அந்தக் காற்று எவ்வாறு வீசும் என்பதை அங்குள்ள கோறைக்கல் மதில்களே சொல்லும். விறகடுப்புக்கு நிலத்தில் குழி வெட்டியது இதனாலேயே. எரிவாயு அடுப்பையும் அதே பழைய குழிக்குள் இறக்கிவிட்டால் காற்றுக்கு ஒதுக்கமாக இருக்குமென்று தோன்றுவது இயல்பு. அவ்வாறு செய்தல் ஆகாது. புரொப்பேன் வாயு காற்றிலும் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமானவை. கசியும் வாயு மேலெழுந்து கலைந்து போகாமல் தாழ்ந்த இடத்தைத் தேடி நீரைப்போல வழிந்து தங்கும். குழி, கிணற்றடி, கழிவுநீர் வாய்க்கால் ஆகியவை அதற்கு வசதியான இடங்கள். காற்றோடு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே அது தீப்பற்றப் போதுமானது.

காற்றுச் சுவாலையை அணைத்துவிடும் வேளையிலும் இதே சிக்கல்தான் எழுகின்றது. இத்தகைய அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. அணைந்ததைக் கண்டவுடன் நெருப்புக்குச்சியைக் கிழித்து நீட்டுவது கை தானாகச் செய்யும் செயல், அதைத்தான் தடுக்கவேண்டும். முதலில் சிலிண்டரின் வால்வை மூடி, சில நிமிடங்கள் பொறுத்திருந்து, வாயு கலைந்தபின்னரே மீண்டும் மூட்டுதல் வேண்டும். காற்று வரும் பக்கத்தில் மட்டும் கல்லோ தகரமோ வைத்து மறைக்கலாம். கிடுகு மறைப்பு எண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் அறவே கூடாது. சிலிண்டரைக் குழாய் இடந்தரும் அளவுக்கு அடுப்பிலிருந்து தள்ளி, காற்று வரும் திசையில் நிறுத்தினால், சூடும் தெறிக்கும் எண்ணெயும் அதை அணுகா. வால்வை எட்டுவதற்குத் தாச்சிக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டிய நிலை மட்டும் எக்காரணத்தாலும் இருக்கக்கூடாது.

எரிவாயுவைப் பற்றிப் பேசும்போது 2021ஆம் ஆண்டின் நிகழ்வுகளை நினைவூட்டாமல் விட முடியாது. அவ்வாண்டின் நவம்பர் மாதத்தில் இலங்கையெங்கும் வீடுகளில் எரிவாயு சார்ந்த வெடிப்புகளும் தீவிபத்துகளும் நாள்தோறும் செய்தியாயின. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையில் குழுவொன்றை நியமித்தார். எரிவாயுக் கலவையில் செய்யப்பட்ட மாற்றமே விபத்துகள் பெருகியமைக்குக் காரணமென அக்குழு கண்டது. புரொப்பேனின் பங்கு கூடும்போது சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடுகின்றது. புரொப்பேன் மறை 42 பாகையிலேயே கொதிக்கும். பியூட்டேனோ பூச்சியத்துக்கு அண்மையில் கொதிக்கும். எங்கள் ஊரின் 30 பாகை வெயிலில் தனிப் புரொப்பேனின் அமுக்கம் தனிப் பியூட்டேனுடையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. குறைந்த அமுக்கத்துக்குப் பழகித் தேய்ந்த ரெகுலேற்றரும் குழாயும் இணைப்புகளும் இந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்காமல் கசிந்தன. வெடித்தது சிலிண்டர் என்றே மக்கள் பேசிக்கொண்டாலும், பெரும்பாலான சம்பவங்களில் பழுதானவை அதனோடு பொருத்தப்பட்டிருந்த பாகங்களும் அடுப்புமே. கசிவை உணர்த்துவதற்காகச் சேர்க்கப்படும் துர்நாற்றப் பொருள் போதிய அளவில் இல்லையென்று அவ்வாண்டு டிசம்பரில் கப்பலில் வந்த எரிவாயு ஏற்றுக்கொள்ளப்படாமற் போனதும் நினைவிருக்கும்.

அந்த அனுபவத்திலிருந்து முற்றத்து அடுப்புக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளியது. இவ்வடுப்புகளிற் பல கூடிய அமுக்கத்தில் இயங்குபவை. அவற்றுக்குரிய ரெகுலேற்றரும் குழாயும் வேறு. வீட்டு அடுப்பிலிருந்து கழற்றியெடுத்த பழைய குழாயைக் கம்பியால் இறுக்கி ஒப்பேற்றுவது அறியாமை. மேலும், மீனும் எண்ணெயும் மணக்கும் முற்றத்தில், காற்றும் அடிக்கும்போது, எரிவாயுவின் நாற்றத்தை மூக்கு கண்டுபிடிக்குமென்று நம்பியிருக்க முடியாது. சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசி, குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பதே எவரும் செய்யக்கூடிய சோதனை. தீக்குச்சி பிடித்துப் பார்க்கும் வீரர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர் என்பது வருத்தத்துக்குரியது.

இன்னொரு தவறையும் இங்கு குறிப்பிடவேண்டும். பெரிய பர்னரை நீண்ட நேரம் எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் குளிர்ந்து வியர்க்கும். சில வேளை பனிபடரும். உள்ளே திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவிடுவதால் நிகழ்வது இது. அப்போது சுவாலை தளரும். எரிவாயு தீர்ந்துவிட்டதென்றெண்ணிச் சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைப்பதும், அடுப்புக்கு அருகே நகர்த்திச் சூடேற்றுவதும் எமது ஊர்களில் நடப்பவையே. படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் பாயலாம். ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும் என்றால் பர்னரில் என்ன நிகழும் என்பதை விளக்கத் தேவையில்லை. செய்யக்கூடியது, அடுப்பை நிறுத்திச் சிலிண்டரைச் சற்று ஆறவிடுவது அல்லது மாற்றுச் சிலிண்டர் ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது.

மழைக்காலத்து ஆபத்து வேறு வகையானது. ஐப்பசி, கார்த்திகையில் முற்றம் நனைந்தவுடன் அடுப்பை வீட்டு விறாந்தைக்கோ தறப்பாள் இழுத்துக் கட்டிய கொட்டிலுக்கோ நகர்த்துவதைக் காண்கிறோம். மூடிய இடத்தில் இவ்வளவு பெரிய சுவாலைக்குப் போதிய காற்றில்லை. அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது அது புகையல்ல என்பதால் எவரும் ஐயுறமாட்டார். வெளியே எரிப்பதற்கெனச் செய்த அடுப்பு மழைக்கும் வெளியேதான் இருக்கவேண்டும். மழையானால் பலகாரச் சூட்டை மறுநாளுக்குத் தள்ளிப்போடலாம்.

இவையனைத்தும் எந்த ஊருக்கும் பொருந்துபவை. தீவகத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு, அது தூரம். வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் தரைவழியால் யாழ்ப்பாணத்தோடு தொடுக்கப்பட்டுள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் கடல்தான் வழி. யாழ்ப்பாண மாநகர சபையின் தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும் குறிகட்டுவான் இறங்குதுறையோடு அதன் பயணம் முடிந்துவிடும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எண்ணெய் கொட்டி வெந்தவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதென்றால், அந்த ஒரு மணியோடு தரைவழிப் பயணமும் சேரும். கடல் கொந்தளித்தால் படகு கிடைப்பதே நிச்சயமில்லை. அவசர நோயாளரைக் கடற்படைப் படகுகள் ஏற்றிவந்த செய்திகளை நாம் பல தடவை வெளியிட்டிருக்கிறோம். பட்டினத்தில் ஒரு சிறு விபத்தாக முடிவது, தீவில் ஓர் உயிரின் கேள்வியாகிவிடும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆகையால் முதலுதவி வீட்டிலேயே தொடங்கியாக வேண்டும். வெந்த இடத்தின் மேல் குளிர்ந்த நீரை 20 நிமிடங்கள் தொடர்ந்து ஊற்றுதலே மருத்துவம் ஏற்கும் முதல் வழி. பற்பசை, மை, தேங்காயெண்ணெய், ஐஸ் ஆகிய யாவும் தீங்கானவை. மோதிரத்தையும் வளையலையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடவேண்டும். குடிநீருக்கே பவுசரை எதிர்பார்த்திருக்கும் ஊர்களில் இருபது நிமிடத்துக்கு நீர் எங்கே என்ற வினா எழும். அடுப்பை மூட்டுவதற்கு முன்பே நாலைந்து வாளி நீரைக் கிணற்றிலிருந்து அள்ளி ஒதுக்கிவைப்பதே அதற்குரிய விடை. அந்த நீர் உடலுக்கு மட்டுமே. எரியும் எண்ணெயின் மேல் ஒரு துளி நீரும் படக்கூடாது. பெரிய மூடி ஒன்றால் தாச்சியை மூடி வாயுவை நிறுத்துவதும், சிந்தி எரியும் எண்ணெயின் மேல் மணலைக் கொட்டுவதும் உகந்தவை. தீவகத்தில் மணலுக்குப் பஞ்சமில்லை. அதை ஒரு சாக்கில் கட்டி அருகில் வைக்கும் யோசனைதான் வருவதில்லை.

செலவையும் ஒரு வரி பார்க்கலாம். முற்றத்து அடுப்பு முழு வேகத்தில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எரிவாயுவைக் குடிக்கும், 12.5 கிலோ சிலிண்டர் பத்து மணி நேரம் தாங்கலாம். 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவிலிருந்து 2,750 ரூபாவாக உயர்ந்த அதே சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனதையும், அதற்கும் வரிசையில் நின்றதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் பனைமட்டை கிடைத்த தீவகத்தார் கொழும்பாரைப் போல் திண்டாடவில்லை. ஒடியற்கூழ் காய்ச்சுவதற்கும் கிடாரத்தில் சோறாக்குவதற்கும் விறகு இன்றும் போதும். நீர் கொதிக்கும் பானை நூறு பாகைக்கு மேல் போகாது, அங்கே மறதிக்கு மன்னிப்பு உண்டு. எண்ணெய்த் தாச்சிக்கு அது இல்லை.

நயினாதீவிலே அம்மன் திருவிழாவுக்கு வரும் அடியார்களுக்கு அமுதசுரபி மண்டபத்தில் அன்னம் வழங்கப்படுவதை நாடறியும். மணிமேகலையின் மணிபல்லவம் அத்தீவே என்று கொள்வோர் அந்தப் பெயரின் பொருத்தத்தை வியந்து பேசுவர். அங்கே பெருஞ் சமையல் பழகிய கைகளால், ஒழுங்கோடு நடைபெறுகின்றது. குடும்பத்துப் பலகாரச் சூட்டுக்கு அத்தகைய கைகளை எங்கே தேடுவது? எமது ஊர்களில் கதிரையும் கிடாரமும் சட்டியும் இரவல் கொடுக்கும் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் உள்ளன. வீட்டுக்கொரு அடுப்பை வாங்கி வருடத்தில் இரண்டு நாள் எரிப்பதைவிட, இந்நிலையங்களே உறுதியான கால்களுடைய நல்ல அடுப்பொன்றை, அதற்குரிய ரெகுலேற்றரோடும் குழாயோடும் எண்ணெயின் சூட்டைக் காட்டும் வெப்பமானியோடும் தீயணைக்கும் போர்வையோடும் வைத்திருந்து வாடகைக்குக் கொடுக்கலாம். அடுப்போடு அதைப் பழகிய ஒருவரும் சேர்ந்து போவார் என்ற நிபந்தனை இருக்கட்டும். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் பிரதேச சபைகள் இதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்குவது பெருஞ் சுமையாகாது. குழாய்க்கும் ரெகுலேற்றருக்கும் ஆயுட்காலம் உண்டு. அவற்றை மாற்றவேண்டிய திகதியைச் சிலிண்டர் விற்கும் கடைக்காரரே ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிட வேண்டும். அடுத்த ஆனித் திருவிழாவுக்கு முன், முதலில் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இதைத் தொடங்குவதே முறை. அவ்விரு தீவுகளுக்கும் அயலூரிலிருந்து உதவி வந்து சேர நேரமாகும்.